லஸ்ஸன்: ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நான் மாட்டிக்கொண்ட கதை

இன்னிக்கு ஒரே ஒரு ஜெர்மன் வினைச்சொல்லைப் பத்தித்தான் பேசப்போறேன். லஸ்ஸன். ஜெர்மன்காரங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுவாங்கன்னு கணக்கே கிடையாது. ஆரம்பப் பாடத்துலயே வந்துடும். ஆனா பி1 முடிச்சவங்க கூட இதுல தடுமாறுவாங்க. அதுல ஒரு தடுமாற்றத்துக்கு நானே காரணம். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

என்கிட்ட ஜெர்மன் படிக்கிற ஒரு தங்கச்சி, திருத்தணிக்காரங்க. நர்ஸிங் முடிச்சவங்க. ஜெர்மனியில நர்ஸ் வேலைக்குப் பெரும்பாலும் பி2 வரைக்கும் கேக்கறாங்க, அதுக்காகப் படிக்கறாங்க. ஒருநாள் வாட்ஸப்புல ஒரு கேள்வி அனுப்பினாங்க: "சார், லஸ்ஸன்னா என்ன?" நான் பஸ்ல நின்னுட்டிருந்தேன். ஒரே வார்த்தையில பதில் போட்டேன்: "விடு."

தப்பான பதில் இல்ல. அதுதான் பிரச்சினையே.

கொஞ்ச நாள் கழிச்சு, வார்டுல நடக்கிற மாதிரி ஒரு உரையாடலை வகுப்புல போட்டேன். அதுல ஒரு வாக்கியம்: "டெர் ஆர்ட்ஸ்ட் லெஸ்ட் ப்ளூட் அப்னேமன்." ஆர்ட்ஸ்ட்னா டாக்டர், ப்ளூட்னா ரத்தம், அப்னேமன்னா எடுக்கிறது. லெஸ்ட்ங்கறது லஸ்ஸனோட ஒரு வடிவம். இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன். தங்கச்சி சொன்னாங்க: "டாக்டர் ரத்தம் எடுக்க விடறார். அதாவது, எடுத்துக்கலாம்னு அனுமதி குடுத்திருக்கார்."

உண்மையான அர்த்தம் அது இல்ல. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கார். அது உத்தரவு. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். "நீங்கதானே சார் விடுன்னு சொன்னீங்க?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

பரீட்சையா இருந்தா ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். வார்டா இருந்தா? எடுக்க வேண்டிய ரத்தம் எடுக்காமலே கிடக்கும். அனுமதின்னா செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். உத்தரவுன்னா செஞ்சே ஆகணும். ரெண்டையும் ஒரே சொல் சுமக்குது.

அதனால இப்ப லஸ்ஸனை ஒழுங்காப் பிரிச்சுப் பாக்கலாம்.

முதல் வகை. வாக்கியத்துல லஸ்ஸன் மட்டும் தனியா இருக்கும், வேற வினைச்சொல் இருக்காது. "இஷ் லஸ்ஸே டஸ் ஹேண்டி ட்ஸூ ஹௌஸே." செல்போனை வீட்லயே விட்டுட்டுப் போறேன். இங்க நம்ம "விடு" அப்படியே பொருந்தும். "லஸ் டஸ்!"ன்னா "விடு அதை!" கோவத்துல நம்ம எப்படிச் சொல்லுவோமோ அப்படியேதான்.

ரெண்டாவது வகை. வாக்கியக் கடைசியில இன்னொரு வினைச்சொல் இருக்கும், அந்த வேலையைச் செய்யறவருக்கே அது வேணும். "லஸ்ஸன் ஸீ டீ பட்ஸியென்டின் ஷ்லாஃபன்." அந்தம்மாவைத் தூங்க விடுங்க. தூக்கம் நோயாளிக்கு வேணும், நம்ம தடுக்காம இருக்கோம். இதுவும் "விடு"தான்.

மூணாவது வகைதான் நம்மளைக் கவுக்கறது. இங்கயும் கடைசியில இன்னொரு வினைச்சொல் உண்டு. ஆனா வேலையை விரும்பறவர் ஒருத்தர், செய்யறவர் வேற ஒருத்தர். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொல்றது இந்த வகை. இதுக்கு "விடு" உதவாது. "செய்யச் சொல்றது", "செய்ய வைக்கிறது"ன்னுதான் தமிழ்ல சொல்லணும்.

இதைப் புரிஞ்சுக்க திருத்தணியை விட நல்ல ஊர் கிடையாது. மலைக்கோயில்ல வேண்டுதலுக்கு மொட்டை போடறவங்களைப் பாத்திருப்பீங்க. கீழ இறங்கி வந்து என்ன சொல்லுவாங்க? "மொட்டை போட்டுக்கிட்டேன்." கத்தியைப் பிடிச்சது அவங்க இல்ல, மழிச்சவர் வேற ஒருத்தர். ஆனா நம்ம வாக்கியத்துல அந்த இன்னொரு ஆள் தெரியவே மாட்டார். கேக்கறவங்களுக்குத் தெரியும்கிறதால விட்டுடறோம்.

அதே படியில இறங்கற தெலுங்குக் குடும்பம் ஒண்ணு "குண்டு கொட்டிஞ்சுகுன்னானு"ன்னு சொல்லும். அதுல நடுவுல வர்ற "இஞ்சு" இருக்கே, அதுதான் "இன்னொருத்தரை விட்டுச் செய்ய வெச்சேன்"னு காட்டற துண்டு. அதுக்கு அப்புறம் வர்றது "எனக்காக"ன்னு காட்டுது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர். ம.பொ.சி. நடத்தின எல்லைப் போராட்டத்துக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தது. இன்னிக்கும் அங்க பல வீடுகள்ல தெலுங்கு பேசறாங்க. நம்ம தங்கச்சி வீட்லயும் அப்படித்தான்.

இப்ப ஜெர்மன்ல: "இஷ் லஸ்ஸே மியர் டீ ஹாரே ஷ்னைடன்." நான் முடி வெட்டிக்கறேன், அதாவது கடையில போய். "மியர்"னா எனக்கு. "லஸ்ஸே"ன்னா வேற ஆள் செய்யறார். லஸ்ஸேயை எடுத்துட்டு "இஷ் ஷ்னைடே மியர் டீ ஹாரே"ன்னு சொன்னா, கண்ணாடி முன்னாடி நின்னு நானே கத்தரிக்கோலால வெட்டிக்கறேன்னு ஆயிடும். தங்கச்சிகிட்ட இதைச் சொன்னதும் சிரிச்சாங்க. "சார், இது எங்க பாட்டி பேசற மாதிரியே இருக்கு. நான் இவ்வளவு நாளா தமிழ்ல மட்டும் தேடிட்டிருந்தேன்." உண்மைதான். எழுத்துத் தமிழ்லயும் செய்வித்தான், வருவித்தான்னு இருக்கு. பேச்சுல அதை அவ்வளவா பயன்படுத்தறதில்ல.

நாலாவது வகை ஒண்ணு இருக்கு, சின்னது. உயிரில்லாத பொருளோட "ஸிஷ்" சேர்ந்து வரும். "டீ ட்யூர் லெஸ்ட் ஸிஷ் நிஷ்ட் ஒஃப்னன்." கதவைத் திறக்க முடியல. இங்க விடவும் இல்ல, யாரும் யாரையும் செய்யச் சொல்லவும் இல்ல. "முடியும், முடியாது"தான் அர்த்தம். அப்புறம் "லஸ் உன்ஸ் கேயன்"னா "வா, போலாம்". இதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இறந்த காலத்துல ஒரு எச்சரிக்கை. தனியா வந்தா "கெலஸ்ஸன்" ஆகும்: செல்போனை வீட்ல விட்டுட்டேன், "இஷ் ஹாபே டஸ் ஹேண்டி ட்ஸூ ஹௌஸே கெலஸ்ஸன்." இன்னொரு வினைச்சொல்லோட வந்தா மாறாம "லஸ்ஸன்"னே நிக்கும்: "இஷ் ஹாபே மியர் டீ ஹாரே ஷ்னைடன் லஸ்ஸன்." பரீட்சையில இங்கதான் நிறைய பேர் மார்க் விடறாங்க.

சரி, நான் இன்னிக்குச் சொல்ல வந்த விஷயம் இதுதான். தப்பு தங்கச்சியோட கேள்வியிலயும் இருந்தது, என் பதில்லயும் இருந்தது. ஒரு சொல்லை மட்டும் பிச்சு எடுத்து "இதுக்கு என்ன அர்த்தம்"னு கேட்டா, அகராதியில முதல்ல இருக்கிற அர்த்தம்தான் கிடைக்கும். 1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜெர்மன்காரர் சீகன்பால்குவை நினைச்சுப் பாருங்க. நம்ம பசங்களோட உக்காந்து எழுத்து கத்துக்கிட்டார், தமிழ்ச் சுவடிகளைப் படிச்சுப் படிச்சு, அதுல இருந்து சொற்களைத் திரட்டினார். சொல்லை அது இருக்கிற இடத்துல வெச்சுப் பாத்தார்.

நீங்களும் அப்படிக் கேளுங்க. ஜெர்மன் டீச்சர்கிட்டயோ, நாளைக்கு வார்டுல கூட வேலை பாக்கறவங்ககிட்டயோ, "வஸ் ஹைஸ்ட் லஸ்ஸன்?"னு கேக்காதீங்க. வாக்கியத்தைக் காட்டி, "வஸ் ஹைஸ்ட் லஸ்ஸன் ஹியர்?"னு கேளுங்க. ஹியர்னா "இங்க". அந்த ஒரு சொல்லைச் சேர்த்தா பதிலே மாறிடும். வார்டுல இன்னும் ஒண்ணு சேர்த்துக்கங்க: "ஸோல் இஷ் டஸ் மஃகன்?" இதை நான் செய்யணுமா? சந்தேகம் இருந்தா இதைக் கேக்க வெக்கப்படவே கூடாது. கேட்டா யாரும் குறைச்சு நினைக்க மாட்டாங்க. கேக்காம விட்டாதான் வம்பு.

நானும் பழக்கத்தை மாத்திக்கிட்டேன். இப்ப யாராவது ஒத்தைச் சொல்லை அனுப்பினா, "வாக்கியத்தை அனுப்புங்க"ன்னுதான் பதில் போடறேன், பஸ்ல நின்னுட்டிருந்தாலும். தங்கச்சி இப்பல்லாம் முழு வாக்கியத்தை எழுதி, கீழ தன்னோட தமிழ் அர்த்தத்தையும் போட்டு, "இது சரியா சார்?"னு கேக்கறாங்க. பாதி நேரம் அவங்க எழுதினதே சரியா இருக்கு.

நீங்களும் அப்படியே அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.