சாய்பலகையும் சட்டியும்

தூக்க முடியாத பொருளைச் சாய்வில் உருட்டி ஏற்றலாம் என்பது மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கற்றுக்கொண்ட வித்தை. எண்ணெய்ப் பீப்பாயை மாட்டு வண்டியில் ஏற்றுகிறவர் இரண்டு மரச்சட்டங்களை வண்டியின் பின்புறம் சார்த்திக்கொள்கிறார். ரயில்வே சரக்கு நிலையங்களில் வாகனின் தளமட்டத்துக்கு மேடையையே உயர்த்திக் கட்டிவிட்டார்கள். உருண்டையான பீப்பாய்க்கு இவ்வளவும் போதும். ஆனால், ஏற்றப்படும் பொருளுக்கு நான்கு சக்கரங்களும், அவற்றின் நடுவே தாழத் தொங்கும் ஓர் அடிவயிறும் இருந்தால் என்ன நேரும்? இதனை ஒரு புல்வெட்டி இயந்திரம் நமக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்தையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

புல்வெட்டும் இயந்திரத்தின் வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்னும் ஊரில் வாழ்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேற்பரப்பில் நீண்டு நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரமே அவருக்கு வழிகாட்டியது. துணியைக் கத்தரிப்பது போலப் புல்லையும் கத்தரித்தால் என்ன என்று அவர் எண்ணினார். பின்னர்ப் பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டுப் புல்தரை குழியாமலிருக்க அக்குதிரைகளுக்குத் தோற்காலணி அணிவித்தார்கள். நமது தலைநகரிலோ, ஒரு காலத்தில் பரந்த புல்வெளிகளில் காளைகளே இவ்வியந்திரத்தை இழுத்துச் சென்றன. இன்று ஆள் ஏறி அமர்ந்து ஓட்டும் மோட்டார் இயந்திரம் வந்துவிட்டது. இதில் கத்திகள் தரைக்கு இணையாகச் சுழல்கின்றன. அவற்றின் மேல் கவிழ்த்த சட்டியைப் போன்ற இரும்புக் கூடு ஒன்று, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையில் தொங்குகிறது.

ஆங்கிலத்தில் இக்கூட்டினை ‘டெக்’ என்கிறார்கள். அரசாங்க மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு முதலில் இச்சொல்லே இடறியது. டெக் என்றால் கப்பலின் மேல்தளம் அன்றோ? மேலே இருக்க வேண்டியது இங்கே அடியில் தொங்குவானேன்? சொல்லின் மூலத்தைத் தேடியபோது, அதற்கு ‘மூடி’ என்பதே ஆதிப் பொருள் என்று தெரிந்தது. கப்பலின் வயிற்றை மூடுவதும் டெக். சுழலும் கத்தியை மூடுவதும் டெக். எனினும், நாம் எந்தச் சொல்லையும் ஆக்கவேண்டிய அவசியம் நேரவில்லை. இயந்திரத்தை ஓட்டுகிறவரே அதற்கு அருமையான பெயர் வைத்திருந்தார். சட்டி என்பதே அப்பெயர்.

அவர் சேலம் பக்கத்திலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்த தோட்டக்காரர். நமது குடியிருப்பின் புல்வெளிகளைப் பராமரிக்கும் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறார். ஒரு புல்வெளியிலிருந்து மற்றொன்றுக்கு இயந்திரத்தை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். ஏற்றும்போதெல்லாம் சட்டியின் அடிவிளிம்பு உரசியது. ஒருநாள் விளிம்பு மடங்கிக் கத்தியோடு மோதி, இயந்திரம் நின்றுவிட்டது. பழுதுபார்த்த செலவைக் கூலியில் பிடித்துக்கொள்வதாகக் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். அன்று மாலை அவர் எண்ணெய்க்கறை படிந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நான் அவசரப்பட்டு ஓட்டினேன் என்கிறார் சார். மெதுவாகப் போனாலும் சட்டி இடிக்கிறது. இந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்கே கூலியில் பிடித்தம் செய்யலாம். அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே செய்யலாம் என்பது சட்டம். ஆகவே, உரசியதற்குக் காரணம் ஓட்டியவரா, பலகையா என்ற கேள்வி வெறும் கணக்குக் கேள்வியன்று. அதில் ஒருவருடைய சில நாள் கூலி அடங்கியிருந்தது.

மறுநாள் காலை அளவுநாடாவுடன் சென்றோம். டிரெயிலரின் தளம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம். இயந்திரத்தின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 120 சென்டிமீட்டர். சட்டியை முழுதும் உயர்த்தி வைத்தால் அதன் அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே 10 சென்டிமீட்டர். ஏற்றுவதற்குப் பயன்பட்ட பலகைகளின் நீளமோ 4 அடிதான்.

கூரையின் முகட்டைக் கடக்கும் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் இந்தச் சரிவிலும் மறு கால் அந்தச் சரிவிலும் இருக்கும் கணத்தில், முகடு அவனுடைய இரு கால்களுக்கும் நடுவே எழுந்து நிற்கிறது. இயந்திரத்தின் முன் சக்கரங்கள் டிரெயிலரின் தளத்தை அடைந்து, பின் சக்கரங்கள் இன்னும் பலகையின் மேல் இருக்கும்போது நிகழ்வதும் இதுவே. தளமும் பலகையும் சேரும் விளிம்புதான் முகடு. அது சட்டியின் அடியை நோக்கி எழும்புகிறது. விளிம்பு இரு அச்சுகளுக்கும் நடுவில் வரும் கணமே மிக நெருக்கடியானது.

எவ்வளவு எழும்பும் என்பதைச் சரிவின் கோணம் தீர்மானிக்கிறது. 4 அடிப் பலகையை 50 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சார்த்தினால் சரிவு ஏறக்குறைய 24 டிகிரி. முகடு 13 சென்டிமீட்டர் எழும்பும். இருக்கும் இடைவெளியோ 10 சென்டிமீட்டர்தான். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் உரசாமல் இருக்க வழியில்லை. பலகை 6 அடியானால் சரிவு 16 டிகிரியாகக் குறையும். எழுச்சி எட்டரைச் சென்டிமீட்டர். பலகை 8 அடியானால் சரிவு 12 டிகிரி. எழுச்சி ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். தளத்தின் உயரத்தைப் போல் குறைந்தது நான்கு மடங்கு நீளமுள்ள பலகை வேண்டும், சரிவு 15 டிகிரியைத் தாண்டலாகாது என்று இத்தகைய இயந்திரங்களின் கையேடுகள் சில கூறுவதும் இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

நீளமான பலகை கிடைக்காதபோது நிலத்தையே துணைக்கு அழைக்கலாம். டிரெயிலரின் பின்புறம் மேட்டை நோக்கியிருக்குமாறு நிறுத்திப் பலகையின் அடியை மேட்டின் மேல் வைத்தால் சரிவு தானே தணிந்துவிடும். ரயில்வே மேடையின் தத்துவமும் இதுதான்.

பலகையின் நீளம் சரியாக அமைந்தாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சட்டி பெரும்பாலும் சக்கரங்களைவிட அகலமானது. ஆகையால் ஓரங்களில் உயர்ந்த விளிம்புள்ள குறுகிய பலகைகளில் ஏற்றினால், மேலே முகடு இடிக்காவிட்டாலும் பக்கவிளிம்பு இடிக்கும். இரண்டு தனிப் பலகைகளைக் காட்டிலும் முழு அகலமுள்ள ஒரே சாய்தளம் சிறந்தது. சக்கரம் பலகையைவிட்டு நழுவும் அபாயமும் அதில் குறைவு. டிரெயிலரை இழுக்கும் வண்டியோடு பூட்டியே வைத்திருக்க வேண்டும். பூட்டாமல் ஏற்றினால், இயந்திரத்தின் பாரம் பின்முனையில் விழும்போது முன்முனை மேலே எழும்பிவிடும். வண்டியின் கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுப்பதும், பலகை பின்னுக்கு நகராதபடி டிரெயிலரோடு பிணைப்பதும் அவசியம்.

ஏற்றத் தொடங்குமுன் கத்தியின் இயக்கத்தைத் துண்டித்து, அது சுழன்று ஓயும்வரை காத்திருந்து, சட்டியை உச்ச அளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். பிறகு நேராக, மிகக் குறைந்த வேகத்தில் செல்லவேண்டும். பலகையின் நடுவில் திடீரென்று நிறுத்துவதும், நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்புவதும், திருப்புவதும் கூடா. இயந்திரம் பின்புறமாகக் கவிழ்வது இவற்றால்தான். சிலவகை இயந்திரங்களைப் பின்னோக்கி ஏற்றி முன்னோக்கி இறக்கவேண்டும் என்று கையேடு சொல்லும். எந்த வகைக்கு எது என்பதை அந்தந்தக் கையேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சரிவின் பின்னால் எவரும் நிற்கலாகாது. சட்டி விளிம்பு நெளிந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். உயிர் போனால் திரும்பாது. ஏற்றி முடித்தபின் பிரேக்கைப் பூட்டி, முன்னும் பின்னும் வார்களால் இறுகக் கட்டவேண்டும். வாரைச் சட்டியில் மாட்டாமல் இயந்திரத்தின் சட்டகத்தில் மாட்டவேண்டும்.

இவற்றையெல்லாம் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அளவுகளையும் கணக்கையும் மற்றொரு தாளில் குத்தகைக்காரருக்குப் புரியும் மொழியில் எழுதினோம். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு தாமே நாடாவைப் பிடித்து அளந்து பார்த்தார். அடுத்த வாரம் 8 அடி நீளத்தில் இரும்புச் சாய்தளம் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் இயந்திரம் முதன்முதலாக ஏறிய காலையில் நாமும் போயிருந்தோம். முன் சக்கரங்கள் தளத்தை எட்டிய கணத்தில் தோட்டக்காரர் தம்மையறியாமல் பற்களைக் கடித்துக்கொண்டார். உரசும் ஒலியை எதிர்பார்த்துப் பழகியவர் அல்லவா! ஒலி எழவில்லை. இயந்திரம் மேலே போய் நின்றது.

பிடித்த கூலியில் முதல் தவணை அந்த மாதமே போய்விட்டது, அது திரும்பவில்லை. மீதியைக் குத்தகைக்காரர் கேட்கவுமில்லை. “முதலிலேயே இதைப் படித்திருந்தால் அந்தப் பணமும் தப்பியிருக்கும் சார்” என்றார் தோட்டக்காரர். அதற்கு நம்மிடம் விடையில்லை. இயந்திரம் கடல் கடந்து வருகிறது. கையேடும் கூடவே வருகிறது. அதை ஓட்டுகிறவரின் மொழி மட்டும் வருவதில்லை. நாம் எழுதிக் கொடுத்த தாள் இன்று கருவிக் கொட்டகையின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. ‘டெக்’ வரவேண்டிய இடத்திலெல்லாம் அதில் ‘சட்டி’ என்றே எழுதியிருக்கிறோம்.