சஸ்பென்ஸ் கணக்கில் பதிமூன்று பேர்

(தூத்துக்குடியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில், 'தலைவர்களின் புகழும் மக்களின் நினைவும்' என்னும் தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்பதற்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் இன்றைக்கு நான் கவிஞனாகப் பேசப் போவதில்லை. வங்கியில் உட்கார்ந்து பற்று வரவு எழுதுகிற குமாஸ்தாவாகத்தான் பேசப் போகிறேன். ஏன்னா, தலைவர்களின் புகழ் என்பது இப்போது கவிதை சம்பந்தப்பட்ட விவகாரமே இல்லை. அது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தப்பட்டது. அதுவும் கள்ளக் கணக்கு.

ஒரு தலைவர் பதவியில் இருக்கும்போது புகழுக்குப் பஞ்சமில்லை. போலீஸ் இருக்கு, போஸ்டர் இருக்கு, அரசாங்கச் செலவில் விளம்பரம் இருக்கு. பதவி போன பிறகுதான் சிக்கல். ஜனங்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட ஒரு ஆளை மறுபடியும் மகானாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கென்று ஒரு உத்தியோகம் உருவாகியிருக்கிறது. புகழ் காக்கும் உத்தியோகம். தொலைக்காட்சி விவாதத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவர் முதல், ராத்திரி ரெண்டு மணி வரை கைபேசியில் பதில் போடுகிற நம்ம தெருப் பையன் வரைக்கும் இந்த உத்தியோகத்தில் இருக்காவ. முதலாமவருக்குச் சீட்டு கிடைக்கலாம். ரெண்டாமவனுக்கு அதுவும் கிடையாது.

இது நம்மூர்ச் சரக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் நிக்சன் 1974இல் பதவியை விட்டு ஓடினார். 1990இல் அவர் பெயரில் ஒரு நூலகம் திறந்தார்கள். வாட்டர்கேட் என்பது எதிரிகள் நடத்திய கவிழ்ப்பு வேலை என்கிற தொனியில் அங்கே காட்சி வைத்திருந்தார்கள். அந்தக் காட்சி மாறி உண்மை ஏறுவதற்கு 2011 ஆகிவிட்டது. நமக்கு எதிர்க்கரையில் பாருங்கள். கோத்தபய ராஜபக்சே 2022 ஜூலையில் நாட்டை விட்டே பறந்தார். 2024 மார்ச்சில் புத்தகம் போட்டுவிட்டார், தன்னை விரட்டியது சதி என்று. சோறும் எரிபொருளும் இல்லாமல் வரிசையில் நின்ற சனம் அந்தக் கதையாடலில் காணாமல் போய்விட்டது.

சரி, நம் கரைக்கு வருவோம்.

2018 மே 22. அ.குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். அன்றும் மறுநாளும் போலீஸ் நடவடிக்கையில் 13 உயிர் போனது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண்பிள்ளை செத்தது. கலெக்டர் ஆபீசுக்கு வெகு தூரத்தில், திரேஸ்புரத்தில் ஒரு தாய் செத்தாள். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ரோட்டில் நின்றவர்கள்.

அப்போது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. போலீஸ் இலாகாவும் அவர் கையில். அவர் என்ன சொன்னார்? தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். ஏ அப்பா! போலீஸ் மந்திரியே டிவி பார்த்துத்தான் சேதி தெரிஞ்சிக்கிடுவார்னா, செய்தி வாசிக்கிற அம்மாவை அல்லவா போலீஸ் மந்திரி ஆக்கியிருக்க வேண்டும்? எங்கள் கிளையில் பணம் குறைந்தால், 'டிவியில பாத்துத்தான் தெரியும்' என்று கேஷியர் சொல்லட்டும் பார்ப்போம்! சாயங்காலத்துக்குள் சஸ்பெண்ட் உத்தரவு கைக்கு வந்துவிடும்.

மக்கள் கணக்கை உடனே முடித்தார்கள். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் அணிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது தேனி ஒன்றுதான். 2021இல் ஆட்சி போனது. 2024இல் ஒன்றுகூட இல்லை. இதற்குப் பிறகுதான் புகழ் காப்பாளர்களுக்கு வேலை பளு கூடியது. அவர்கள் கணக்கெழுதும் முறையை நான் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு உதவியாக இருக்கட்டுமென்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பாடம்: பற்றை அடுத்தவன் பெயரில் எழுது. சுட்டது போலீஸ், சுடச் சொன்னது துணை தாசில்தார், சுட வைத்தது கூட்டத்தில் புகுந்த சமூக விரோதிகள். செத்தவனே தன் சாவுக்குப் பொறுப்பு. அடித்தால் தற்காத்துக்கொள்ளத்தானே செய்வார்கள் என்கிற பொருளில் முதலமைச்சரே பேசினார். ரஜினிகாந்தும் அதே மே மாதம் 30ஆம் தேதி இந்த ஊருக்கு வந்து, சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். நமக்கு இந்தச் சொல் பழக்கம்தான். சேரியில் எவனாவது நிமிர்ந்து நின்றால் சர்க்கார் அகராதியில் அவனுக்கு எப்போதும் இதுதான் பெயர். இந்த முறை அந்தப் பெயர் மீனவருக்கும் வியாபாரிக்கும் வக்கீலுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அந்த அளவில் சமத்துவம்!

ரெண்டாம் பாடம்: வரவைத் தன் பெயரில் எழுது. 'ஆலையை நிரந்தரமாக மூடியவர் எங்கள் ஐயா' என்பது இன்று வரைக்கும் ஓடுகிற வசனம். வாஸ்தவம்தான். 2018 மே 28இல் அரசாணை போட்டார்கள். அதாவது, 13 பேரைப் பறிகொடுத்து ஆறாவது நாள். தொண்ணூற்றொன்பது நாள் கும்பிட்டுக் கேட்டபோது வராத ஆணை அது. பணம் கட்டியவனுக்கு ரசீதில் கையெழுத்துப் போடுகிறவன் கேஷியர். கையெழுத்துப் போட்டதனாலே பணம் கேஷியருடையது ஆகிவிடுமா? 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் வேதாந்தாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததே, அதுவும் இந்த ஊர் ஜனங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைத்த ரசீதுதான்.

மூணாம் பாடம்: வேறு கணக்கைக் காட்டு. 'அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் கொடுத்தது யாரு?' என்று கேட்பார்கள். 2020இல் அவர் ஆட்சிதான் கொடுத்தது. நல்ல காரியம். நம்ம பிள்ளைகளும் அதில் டாக்டருக்குப் படிக்குது. நான் மறுக்க மாட்டேன், நீங்களும் மறுக்காதீர்கள். ஆனால் வங்கியில் ஒரு விதி உண்டு. ஒருத்தன் கணக்கில் இருக்கிற இருப்பை எடுத்து இன்னொருத்தனுக்குத் தர வேண்டிய பாக்கியை நேர் செய்ய முடியாது. ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி கொடுத்ததால், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் சாவு நேராகிவிடாது.

நாலாம் பாடம்தான் எல்லோருக்கும் பிடித்த பாடம்: 'அவுக மட்டும் யோக்கியமா?' ஸ்டெர்லைட்டுக்கு 1994இல் அடிக்கல் நாட்டியது ஜெயலலிதா என்று இவர் சொல்வார். 1996இல் உற்பத்தி தொடங்கியபோது இருந்தது கருணாநிதி ஆட்சி என்று அவர் சொல்வார். ரெண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ரெண்டு பேரும் ஒரே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வசூலுக்குப் போகிற நேரத்தில் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்.

இனி, விசாரணைக் கமிஷன். வங்கியில் ராத்திரி ஆகியும் கணக்கு நேராகவில்லை என்றால் வித்தியாசத் தொகையைத் தூக்கி 'சஸ்பென்ஸ்' கணக்கில் போடுவோம். இன்ன ஆளுடையது என்று தெரியாத தொகை அங்கே தற்காலிகமாகக் கிடக்கும். புத்தகம் சுத்தமாகிவிடும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அரசாங்கத்தின் சஸ்பென்ஸ் கணக்குக்குப் பெயர்தான் விசாரணைக் கமிஷன். ஆள் செத்தவுடன் கமிஷன் போடுவான். பேரேடு சுத்தம்.

ஆனால் சில நேரம் சஸ்பென்ஸ் கணக்கும் வாய் திறந்துவிடும். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மேயில் அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 18இல் சட்டமன்றத்தில் வைத்தார்கள். ஓடிய ஜனங்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது. 17 போலீஸ்காரர்கள் மீதும் அப்போதைய கலெக்டர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. முக்கியமாக, தலைமைச் செயலாளரும் டிஜிபியும் உளவுத் துறையும் முதலமைச்சருக்கு அவ்வப்போது தகவல் சொல்லியிருக்கிறார்கள், டிவி பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்பது சரியல்ல என்றது.

காப்பாளர்கள் இதற்கு என்ன சொன்னார்கள்? 'அரசியல் பழிவாங்கல்.' ஐயா, அந்த ஆணையத்தை நியமித்ததே 2018 மேயில் உங்கள் ஐயா ஆட்சிதானே! தான் வைத்த ஆடிட்டர், தன் புத்தகத்தைப் பார்த்து, தன்னையே பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் பழிவாங்கலா?

இந்தக் கரையில் முத்துச் சலாபம் கடைசியாக நடந்தது 1961இல். ஆனாலும் முத்துத் தயாரிப்பு நின்றுவிடவில்லை. உள்ளே உறுத்துகிற துரும்பைச் சுற்றிச் சிப்பி பளபளவென்று பூசிக்கொண்டே இருக்குமாம். இவர்கள் தோட்டாவைச் சுற்றிப் பூசுகிறார்கள்.

இதுவரைக்கும் நீங்கள் நன்றாகக் கை தட்டினீர்கள். இனிமேல் சொல்வதற்கும் தட்டுகிறீர்களா பார்க்கலாம்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் கிடந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் நெல்லையில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியோடு பாய்ந்தது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. ஆட்சி கருணாநிதியுடையது. நீதிபதி மோகன் கமிஷன் போட்டார்கள், போலீஸ் தப்பித்தது. தூத்துக்குடிக்காக 2018இல் கண்ணீர் விட்ட ஒரு உடன்பிறப்பிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 'அது தண்ணியில மூழ்கிச் செத்ததுல்லா' என்பார். அதாவது, பற்றை ஆற்றின் பெயரில் எழுதிவிட்டார்கள்! முதல் பாடம் ரெண்டு கட்சிக்கும் பொது.

1995 ஆகஸ்ட் 31. நம் மாவட்டத்துக் கொடியன்குளம். ஆயுதம் தேடுகிறோம் என்று போலீஸ் புகுந்தது. அரபு நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய டிவியை, மின்விசிறியை, தையல் மிஷினை உடைத்தது. பாஸ்போர்ட்டைக் கொளுத்தியது. குடிக்கிற கிணற்றைக் கெடுத்தது. ஆட்சி ஜெயலலிதாவுடையது. அவர் புகழ் காப்பாளர்களின் பட்டியலில் தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கும், மழைநீர் சேகரிப்பு இருக்கும். கொடியன்குளத்துக் கிணறு இருக்காது.

புகழுக்கும் சாதி உண்டு, தோழர்களே. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனோடு நின்று செத்த நம் கவர்னகிரிக்காரன். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதிகள் கிளம்பின. கலவரம். அரசாங்கம் என்ன செய்தது? அந்தப் பெயரை மட்டும் எடுத்தால் அசிங்கம் என்று, மாவட்டம், போக்குவரத்துக் கழகம் எல்லாவற்றிலும் எல்லாத் தலைவர் பெயரையும் அதே ஆண்டு எடுத்துவிட்டது. வ.உ.சி.யின் பெயரும் நம் மாவட்டத்திலிருந்து அப்படித்தான் போனது. சுட்டவருக்குப் புகழ் காக்க ஆயிரம் பேர். செத்தவனின் பெயருக்கு ஒரு பஸ்ஸில் சில மாசம்கூட இடமில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. கொடியன்குளத்துப் போராட்டத்தில் எழுந்து வந்த தலைவர், கிருஷ்ணசாமி, 2019இல் தென்காசியில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார், தூத்துக்குடிச் சாவுகளுக்கு மறு வருஷம். திருமாவளவன் 2001இல் மங்களூரில் உதயசூரியனில் நின்றார், தாமிரபரணிக்கு ரெண்டு வருஷம் கழித்து. இதை வைத்து அவர்களைத் துரோகி என்று திட்டிவிட்டுக் கலைந்து போவது சுலபம். அதை நான் செய்யப் போவதில்லை. ஓட்டு எண்ணிக்கையில் சிறுபான்மையான மக்கள் எவனோடாவது கூடித்தான் சட்டமன்றத்துக்குள் போக முடியும். கூட்டணி வேறு. கூட்டாளியின் கள்ள வவுச்சரில் கையெழுத்துப் போடுவது வேறு.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளி என்று சிபிசிஐடி நீதிமன்றத்தில் சொன்னது. சிபிஐ விசாரணை வேண்டும் என்று விடுதலைச் சிறுத்தைகள் கேட்டார்கள். சரி. ஆனால் நம்ம பையன்களில் சிலர் கைபேசியில் என்ன எழுதினார்கள்? 'இந்த ஆட்சி போனா அவன் வந்துருவான், இப்ப பேசாதீங்க.' நாலாம் பாடம், நம்ம கையெழுத்தில்! எடப்பாடிக்காக எழுதுகிறவனைப் பார்த்துச் சிரித்த அதே விரல்தான் இதையும் எழுதுகிறது.

இதில் நமக்கு நஷ்டம் என்ன என்று கேட்பீர்கள். தலைவர்களுக்கு மணிமண்டபம் உண்டு, பாடப் புத்தகம் உண்டு, கட்சிப் பத்திரிகை உண்டு. செத்துப்போன நம் ஆட்களுக்கு இருக்கிறது நம் ஞாபகம் ஒன்றுதான். அதையும் கூட்டணிக்கு அடமானம் வைத்துவிட்டால், அடுத்த முறை சுடுகிறவனுக்கு எந்தப் பயமும் இருக்காது. ஒருத்தன் சுட்டால் அடுத்தவன் கமிஷன் போடுவான். அடுத்தவன் அடித்தால் முதலாமவன் கண்ணீர் விடுவான். நடுவில் நாம் கைபேசியோடு உட்கார்ந்திருப்போம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். யார் புகழையும் காக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். ஒரு நோட்டுப் போடுங்கள். ஆகஸ்ட் 31, ஜூலை 23, மே 22. ஒவ்வொரு தேதிக்கும் அன்றைய முதலமைச்சர் பெயர், கமிஷன் பெயர், அது என்ன சொன்னது, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதுங்கள். கொடியன்குளத்துக்கும் திரேஸ்புரத்துக்கும் நேரில் போங்கள்; மாஞ்சோலையிலிருந்து இறங்கிவிட்ட குடும்பங்களைத் தேடிப் போங்கள்; பெரியவர்களிடம் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு எந்தக் கொடி நம் தெருவுக்கு வந்தாலும், நம் தலைவரே கூட்டி வந்தாலும், முதலில் அந்த நோட்டை எடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

பாக்கி இருக்கிறது என்று சொல்லுங்கள். அது போதும்.