நறுக்காமல் அறியும் சோதனை
(காஞ்சிபுரம் வட்டார ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் ஆற்றிய உரை)



காஞ்சிபுரம் கோயிலுக்கும் பட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். தறி ஓடும் தெருக்களைக் கடந்தால் ஏரிப் பாசன வயல்களைக் காண்கிறோம். சேலையின் சாயம் தீங்கற்றதா, காய்கறியின் மேல் பூச்சிமருந்து தங்கியுள்ளதா என்ற ஐயம் வாங்குவோருக்கு எழுந்துவிட்டால், நெசவாளரும் உழவரும் ஒருங்கே நட்டமடைவர். ஐயத்தை விரைவில் தீர்க்கும் வழியை நாம் அறிந்திருத்தல் நலம்.

வழக்கமான ஆய்வில் பொருளை நறுக்கி, கரைப்பானில் ஊறவைத்து, சாற்றைப் பிரித்த பின்னரே கருவியில் செலுத்துவர். நெய்து முடித்த சேலையை நறுக்க யாருக்கு மனம் வரும்? இக்குறையை நீக்கும் முறையொன்றை ராபர்ட் கோடி முதலிய அமெரிக்க அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வேலை செய்யும் விதம்

குழல்விளக்கில் மின்சாரம் பாயும்போது உள்ளிருக்கும் வாயு ஒளிர்கிறது. அந்நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர். இக்கருவியிலும் ஹீலிய வாயுவின் ஊடே மின்னிறக்கம் நிகழ்த்துகின்றனர். அதனால் கிளர்ச்சியுற்ற ஹீலிய அணுக்கள் வெளியே வந்து, காற்றிலுள்ள நீராவியை அயனிகளாக்குகின்றன. எதிரே பிடித்த பொருளின் மேற்பரப்பிலிருந்து எழும் மூலக்கூறுகளுக்கு அந்த அயனிகள் மின்னேற்றம் அளிக்கின்றன. நிறைமானி அம்மூலக்கூறுகளை உள்ளிழுத்து எடைவாரியாகப் பிரிக்கிறது. களத்தில் தூற்றும்போது நெல்மணி அருகிலும் பதர் தொலைவிலும் விழுவதில்லையா? அதுபோல எடையைக் கொண்டு, பொருள் இன்னதெனச் சில நொடிகளில் அறியலாம். பழந்துணியின் ஒரு சிறு இழையிலிருந்தே அவுரிச் சாயத்தை இம்முறையால் கண்டறிந்துள்ளனர்.

இக்கருவியில் வாயுவைச் சூடாக்குவது வழக்கம். வெப்பம் தாங்காத பொருள்களுக்கென, விரலால் தொடத்தக்க குளிர்ந்த பிளாஸ்மாவைப் பர்டூ பல்கலைக்கழகத்தின் கிரஹாம் குக்ஸ் குழுவினர் 2008-இல் அறிவித்தனர். நம் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப் குழுவினர் குக்ஸுடன் இணைந்து, 2014-இல் வேறொரு வழியைக் காட்டினர். கார்பன் நுண்குழாய் பூசிய தாளில், பிளாஸ்மா இன்றியே, 3 வோல்ட் மின்னழுத்தத்தில் அயனிகளை உண்டாக்கிப் பழத்தோலின் பூச்சிமருந்தைக் கண்டனர்.

எல்லையும் கடமையும்

இம்முறைக்கும் எல்லை உண்டு. மேற்பரப்பில் என்ன உள்ளது என்பதை விரைவில் கூறும். எவ்வளவு உள்ளது என்பதை உறுதிசெய்யப் பழைய நிதானமான ஆய்வும் வேண்டும். சரிகையிலுள்ள வெள்ளி, தங்கத்தை அளக்க எக்ஸ் கதிர் கருவியே ஏற்றது. நிறைமானி விலை மிகுந்தது. ஊராட்சி வாங்க வேண்டிய பொருளன்று.

ஆனால் எந்தக் கருவியும், நாம் தரும் மாதிரி சரியாக இருந்தால்தான் சரியான விடை தரும். சாயநீர் கலந்ததென ஐயுறும் கிணற்று நீரை, ஆய்வுக்கூடம் கூறும் கலத்தில் எடுத்து, இடமும் நாளும் எழுதி, மூடி முத்திரையிட்டு, காலந்தாழ்த்தாது அனுப்ப வேண்டும். தீங்கு பயக்கும் அசோ சாயங்கள் சிலவற்றைக் கையாளுவதை இந்திய அரசு 1997-இல் தடைசெய்தது. ஆதலால் சாயம் வாங்குவோர் ரசீதைப் பாதுகாத்தல் நன்று. உழவர்களும் மருந்து தெளித்த நாளைக் குறித்து வைத்து, மருந்துச் சீட்டில் கூறிய நாள் கழிந்த பின்னரே அறுவடை செய்ய வேண்டும்.

இப்பழக்கங்களுக்குச் செலவு மிகுதியில்லை. நம் பட்டின் பெயரும் விளைச்சலின் விலையும் நிலைபெற, அவற்றை இன்றே மேற்கொள்வோமாக.