தலைசுத்தல் எல்லாம் பித்தம் இல்லை

கடன், வட்டி பற்றி மத்தவங்க பேசுவாங்க. நான் தலைசுத்தலைப் பற்றிப் பேசுகிறேன்.

உப்பளத்துல வேலை பார்க்கிற நமக்குத் தலைசுத்தல் புதுசு இல்லை. வெயில், வெறும் வயிறு, ரத்தசோகை. நிழல்ல உட்கார்ந்து மோர் குடிச்சா கண் தெளிஞ்சிரும். அதனாலதான் எந்தத் தலைசுத்தல் வந்தாலும் பித்தம்னு சொல்லி சோடாவை உடைக்கிறோம். சங்கு குளிக்கப் போற ஆம்பளைகளும் காதடைப்புன்னு சொல்லி விட்டுருவாங்க.

போன வருஷம் பாத்தியில உப்பு வாரும்போது எங்க மதினிக்குத் திடீர்னு எல்லாமே சுத்துச்சு. ஒரே வாந்தி. வாய் கோணலை, கை காலும் அசைஞ்சுது. அதனால பக்கவாதம்னு யாருக்கும் தோணலை. ஆனா தூக்கி உட்கார வச்சா இடது பக்கமாவே சாயறாங்க. டம்ளரை நீட்டினா கை அதைத் தாண்டிப் போகுது. பேச்சும் குழறுச்சு. கூட நின்ன குழு அக்கா உடனே 108-க்கு போன் போட்டாங்க, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதுன்னும் குறிச்சு வச்சாங்க.

பெரியாஸ்பத்திரியில டாக்டர் முதல்ல கேட்டது அந்த மணியைத்தான். ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். விரலை ஆட்டிக் கண்ணால பின்தொடரச் சொன்னார். மூக்கையும் அவர் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார். சிடி ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லைன்னு பார்த்த பிறகுதான் ஊசி போட்டாங்க. சிறுமூளையில அடைப்புன்னா ஆரம்பத்துல சிடியில தெரியாமப் போகலாம். பிறகு எடுத்த எம்ஆர்ஐயில தெளிவாத் தெரிஞ்சுது. பின்மண்டையில இருக்கிற சிறுமூளைதான் நம்ம நிதானத்தைக் காக்குது. ஆடுற வள்ளத்துல ஒருத்தர் விழாம நிக்கிறதுக்கும் அது வேணும்.

மதினி இப்போ சுவரைப் பிடிச்சு நடக்கிறாங்க. வேலைக்குப் போகலை, தவணையைக் குழு பார்த்துக்குது.

படுக்கையில புரளும்போது மட்டும் சுத்தி, ஒரு நிமிஷத்துல நின்னா பெரும்பாலும் காதுக் கோளாறுதான். சாவகாசமா டாக்டர்கிட்ட காட்டலாம். திடீர்னு வந்து நிக்காம, நடக்க முடியலை, ஒண்ணு ரெண்டாத் தெரியுது, நாக்கு குழறுது, முழுங்க முடியலைன்னா ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க. சோடா, தண்ணி கொடுத்தா புரையேறிரும். கையில இருக்கிற மாத்திரையையும் கொடுக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க.

மதினிக்கு பிரஷர் உண்டு. தலை வலிக்கலையேன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல அந்த மாத்திரை வீட்டுக்கே வருது, கொண்டு வர்றதும் நம்மள மாதிரி குழுப் பெண்கள்தான். இன்னைக்கும் பின்பக்க அறையில பிரஷர் பார்க்கிறாங்க. சாப்பாட்டு வரிசைக்கு முன்னாடி அங்க போயிட்டு வந்திருங்க.