சுவரில் இரண்டு இலக்கம்



லாபு, ரந்தாவ், லிங்கி என்று நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கம் போகிறவர்கள் கவனித்திருக்கலாம். பஸ் நிறுத்தத்திலும் பாலத்துக் கட்டையிலும் திடலோரச் சுவரிலும் ஸ்ப்ரே சாயத்தில் 04, 08, 36 என்று எழுதியிருக்கும். வேறு எழுத்தோ படமோ இருக்காது.

"வேலையில்லாதவன் எவனோ கிறுக்கியிருக்கிறான்" என்று பெரியவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். பதினான்கு வயதுப் பையனுக்கு அது கிறுக்கல் அல்ல. இந்தத் திடல் யார் கையில் இருக்கிறது, வம்பு வந்தால் யார் பேரைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அந்த இரண்டு இலக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஒரே சுவரைத் தகப்பனும் மகனும் வேறு வேறாகப் படிக்கிறார்கள்.

அதற்காகக் கண்ட எண்ணையெல்லாம் பார்த்துப் பதறவும் வேண்டாம். தோட்டம் என்பதே எண் எழுதிய இடம்தானே! லயத்து வீடுகளுக்கு எண் உண்டு. செம்பனைக் காட்டுப் பலகையில் நடவு ஆண்டு இருக்கும். அங்கே 08 என்றால் 2008இல் நட்ட கன்று, அவ்வளவுதான். விளக்குக் கம்பத்தில் கைபேசி எண் ஒட்டியிருந்தால் அது ஆலோங் வட்டிக்காரனின் விளம்பரம். வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் வீசியிருந்தால் பெரும்பாலும் கடன் தகராறு. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எழுதிய எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்திலேயே வேறொரு எண்ணை எழுதியிருந்தால் அது சவால். அப்படிக் கண்ட வாரத்தில் பிள்ளை இரவில் எங்கே போகிறான் என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த எண்கள் தமிழர் வீட்டுச் சொத்தல்ல. ஈயச் சுரங்கக் காலத்துச் சீன ரகசியச் சங்கங்களிலிருந்து வந்த பழக்கம் இது. அந்தச் சங்கங்களில் சேருகிறவன் 36 சத்தியம் செய்ய வேண்டும். சீனப் பழங்கதையின் 108 வீரர்களும் அவர்களுக்குப் பெரிய அடையாளம். 1890இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் தடை போட்டதும் அவை தலைமறைவாகின. தலைமறைவானவர்களுக்குப் பெயரைவிட எண் வசதி. பின்னாளில் சீனக் கும்பல்களிடம் அடியாளாகப் போன நம் இளைஞர்கள் பிரிந்து வந்தபோது எண்ணையும் கையோடு கொண்டு வந்தார்கள். இன்று 36 என்று எழுதுகிற பையனிடம் எந்தச் சத்தியம் என்று கேட்டால் விழிப்பான்.

பிறகு ஏன் எழுதுகிறான்? லயத்தில் இருந்தவரை அவனுக்கு ஓர் அடையாளம் இருந்தது. இன்னார் மகன், இன்ன தோட்டம் என்றால் போதும். தவறு செய்தால் தட்டிக் கேட்கக் கோயில் தலைவர் இருந்தார், தொழிற்சங்கத் தலைவர் இருந்தார், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இருந்தார். ரப்பர் மரங்கள் சாய்ந்தன. நீலாய், சிரம்பான் 2, ஸ்ரீ செண்டாயான் என்று தோட்ட நிலங்களில் நகரங்கள் எழும்பின. மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன குடும்பத்துப் பிள்ளையை அங்கே யாரும் இன்னார் மகன் என்று கேட்பதில்லை. "நீ எந்த நம்பர்?" என்றுதான் கேட்கிறார்கள்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் சொல்லி அறிவித்தது. 04, 08, 36 மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர் என்றும், அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர் என்றும் அமைச்சு கூறியது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடுதான்! 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே மூன்றாண்டுவரை சிறை கிடைக்கலாம். திட்டமிட்ட குற்றக் கும்பலைச் சேர்ந்தவர் என்று குற்றவியல் சட்டத்தின் 130வி பிரிவில் நிரூபணமானால் ஐந்து முதல் இருபது ஆண்டு. விளையாட்டாகச் சுவரில் எழுதிய எண், நாளை போலீஸ் கேள்வியாக வீட்டுக்கு வரலாம்.

சுவரில் எண்ணைக் கண்டால் ஒருவர் மட்டும் தனியாகப் போய் அழிக்க வேண்டாம். படம் எடுத்து, குடியிருப்பாளர் பத்துப் பேராகச் சேர்ந்து புகார் கொடுத்துவிட்டுப் பகலில் வெள்ளையடிக்கலாம். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் எண் இருந்தாலோ, உடனே பெல்ட்டைக் கழற்றாதீர்கள். அடிபட்டவன் எங்கே ஓடுவான்? அந்த எண்காரன் மோட்டார் சைக்கிளோடு வெளியேதான் நிற்கிறான். "இதை யாரப்பா எழுதச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாளே பதில் வராது.