நாற்பத்திரண்டு பட்டையும் ஒரு கட்டிலும்

(சமூகக் கூடத்தில் நம் தையல் குழுவினரிடையே பேசியது. அன்று வர முடியாதவர்களும் கேட்டதால் செய்திமடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கும் சி பிளாக் மாமிக்கு ஒரு குவில்ட் தைத்துத் தருவதென்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். அவருடைய மகள் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த துணிச்சுருள் ஒன்று பிரிக்காமலே இருக்கிறது. புத்தகத்தைப் பார்த்து டிசைனும் தேர்ந்தெடுத்தாயிற்று. சிக்கல் அளவில்தான்.

புத்தகத்தில் உள்ள குவில்ட் 60 இஞ்ச் அகலம், 72 இஞ்ச் நீளம். மாமி படுப்பது ஆறுக்கு மூன்றடிக் கட்டில், அதாவது 72க்கு 36. அதில் இதை விரித்தால் பக்கத்துக்கு ஒரு அடி தொங்கும். ராத்திரி புரண்டு படுக்கும்போது ஒரு பக்கமாக இழுபட்டால் தரை வரை வந்துவிடும். வாக்கர் பிடித்து நடப்பவரின் காலடியில் துணி கிடக்கக் கூடாது. ஆகவே பக்கத்துக்கு 6 இஞ்ச், கால்மாட்டில் 6 இஞ்ச் மட்டும் தொங்கினால் போதும். நமக்கு வேண்டியது 48க்கு 78. அகலம் குறைய வேண்டும், நீளம் கூட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், புத்தகத்தின் அளவுக்கு 60 பட்டை வேண்டும், அதாவது இரண்டு சுருள். நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று வரவழைக்கலாமே என்றால், இந்தத் துணிகளை ஒரு தொகுப்பாக அச்சடித்து விற்றுவிட்டு அடுத்த தொகுப்புக்குப் போய்விடுகிறார்கள். அதே பூ, அதே நிறம் மறுபடி கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

இந்தச் சுருளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெல்லி ரோல் என்பார்கள். மோடா என்ற அமெரிக்கத் துணி நிறுவனம் வைத்த பெயர் அது. மற்ற கம்பெனிகளும் வேறு வேறு பெயரில் இதே சரக்கை விற்கின்றன. ஒவ்வொரு பட்டையும் இரண்டரை இஞ்ச் அகலம். நீளம் துணியின் முழு அகலம், 42 முதல் 44 இஞ்ச் வரை. ஒரு சுருளில் பெரும்பாலும் 40 அல்லது 42 பட்டை இருக்கும். நம்முடையதில் 42 என்று அட்டையில் போட்டிருக்கிறது. இருந்தாலும் எண்ணிப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். வங்கியில் பழகிய பழக்கம், கையிருப்பு எவ்வளவு என்று தெரியாமல் செலவு எழுத எனக்குக் கை வராது.

போன கூட்டத்தில் ஒருவர், "எல்லா அளவையும் எண்பது சதவீதமாகக் குறைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அகலம் 60க்கு 48 சரியாக வரும். நீளம் 72க்கு 57.6 ஆகிவிடும், மாமியின் கால் வெளியே நிற்கும். அதை விடுங்கள். இரண்டரை இஞ்ச் பட்டையை 2 இஞ்சாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் அரை இஞ்ச் குப்பைக்குப் போகும். அப்படியும் அளவு கிடைக்காது. ஏனென்றால் தையலுக்கு விடும் கால் இஞ்ச் குறைவதில்லை, அது எப்போதும் கால் இஞ்ச்தான். இரண்டரை இஞ்ச் பட்டை இருபக்கமும் தைத்த பின் 2 இஞ்ச் தெரியும். அதில் எண்பது சதவீதம் 1.6. ஆனால் 2 இஞ்ச் பட்டை தைத்த பின் ஒன்றரை இஞ்ச்தான் தெரியும். ஒரு கட்டத்துக்கு மூன்று பட்டை, அகலத்தில் பத்துக் கட்டம் என்றால் 48 வர வேண்டிய இடத்தில் 45 வரும். 3 இஞ்ச் எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்போம்.

அதனால் பட்டையின் அகலத்தில் கை வைக்கவே வேண்டாம். கட்டத்தின் எண்ணிக்கையைத்தான் மாற்ற வேண்டும்.

நாம் எடுத்திருக்கும் டிசைனுக்கு ரயில் ஃபென்ஸ் என்று பெயர், மரவேலி மாதிரி. மூன்று பட்டையை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஆறரை இஞ்ச் அகலம். அதை ஆறரை ஆறரை இஞ்சாக வெட்டினால் சதுரக் கட்டம். ஒன்றைப் படுக்கையாகவும் அடுத்ததை நெடுக்காகவும் வைத்துச் சேர்ப்பது, அவ்வளவுதான். தைத்த பின் ஒரு கட்டம் 6 இஞ்ச். 42 இஞ்ச் நீளத்தில் ஆறு கட்டம் வெட்டினால் 39 இஞ்ச், மீதி 3 இஞ்ச்தான் வீண். 42 பட்டையில் 14 தொகுதி, தொகுதிக்கு ஆறு, ஆக 84 கட்டம்.

நாலு பட்டை சேர்த்துப் பெரிய கட்டமாக வைத்தால் வேலை குறையுமே என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. கட்டம் எட்டரை இஞ்ச். 42இல் நாலுதான் வரும். மீதி 8 இஞ்ச், அரை இஞ்சில் ஐந்தாவது கட்டம் தவறிப்போகும். பத்துத் தொகுதிக்கு 40 கட்டம், 40க்கு 64தான் கிடைக்கும். அதே சுருளில் மூன்று பட்டைக் கட்டம் 42க்கு 72 தருகிறது, அகலத்தில் ஏழு, நீளத்தில் பன்னிரண்டு.

இப்போது 42க்கு 72 கையில் இருக்கிறது. வேண்டியது 48க்கு 78. சுற்றிலும் 3 இஞ்ச் பார்டர் வைத்தால் கணக்கு நேராகிவிடுகிறது. பார்டருக்கு நம் கடைத்தெருவில் பிளெயின் காட்டன் இரண்டேகால் மீட்டர் போதும். 44 இஞ்ச் அகலத் துணியாகப் பார்த்து வாங்கி, நனைத்துக் காயவைத்து, பிறகு நீளவாக்கில் வெட்ட வேண்டும். பார்டருக்கு மூன்றரை இஞ்சில் நாலு பட்டை, ஓரம் கட்ட இரண்டரை இஞ்சில் நாலு பட்டை. மொத்தம் துணியின் அகலத்தில் 24 இஞ்ச்தான் போகும். எங்கும் ஒட்டு இல்லாத பார்டர். ஓரத்துக்குச் சுற்றளவு 252, மடிப்புக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 262 இஞ்ச் வேண்டும். நாலு பட்டையில் தாராளமாக வரும். ஓரத்துக்கும் சுருளிலிருந்தே எடுத்திருந்தால் ஆறேழு பட்டை அதற்கே போய், பன்னிரண்டு கட்டமாவது குறைந்திருக்கும்.

அடித்துணியையும் மறக்கக் கூடாது. சுற்றிலும் 3 இஞ்ச் கூடுதலாக, 54க்கு 84 வேண்டும். நெடுக்காக வைத்து இரண்டு துண்டு ஒட்டினால் நாலேகால் மீட்டருக்கு மேல் இழுக்கும். குறுக்காக வைத்தால் 54 இஞ்சில் இரண்டு துண்டு, 3 மீட்டருக்குள் முடிந்துவிடும். நன்றாக நைந்து மெத்தென்று ஆன காட்டன் புடவை யாரிடமாவது இருந்தால் அதுவே மேல். கிழிசல் இல்லாத பாதியைக் கொடுங்கள். நம் வீடுகளில் குழந்தைக்குப் புடவையை மடித்துத் தைத்து விரித்தவர்கள்தானே நாம்.

தைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால் இஞ்ச் என்றால் எல்லார் மிஷினிலும் ஒரே கால் இஞ்ச் ஆக இருக்க வேண்டும். ஒருவர் சற்று ஏற்றித் தைத்து, கட்டத்துக்கு அரைக்கால் இஞ்ச் குறைந்தால் பன்னிரண்டு கட்டத்தில் ஒன்றரை இஞ்ச் போய்விடும். முதல் தொகுதியைத் தைத்ததும் அளந்து பாருங்கள். ஆறரை வரவில்லை என்றால் பிரித்துத் தைக்க அப்போது அரை மணி நேரம்தான் ஆகும். பட்டையின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும். அளப்பதானாலும் தைப்பதானாலும் பல்லின் நுனியிலிருந்து என்றால் எல்லாரும் நுனியிலிருந்தே. பட்டையை முன்கூட்டி நனைக்க வேண்டாம், நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

வேகமாக முடிக்க, பட்டைகளை ஒரே நாடாவாக இணைத்து மடித்து மடித்துத் தைக்கும் முறையைச் சொன்னீர்கள். 40 பட்டைக்கு 1600 இஞ்ச் நாடா. ஐந்து முறை மடித்துத் தைத்தால் 32 வரிசை, 50க்கு 64. அதில் பட்டையைக் கூட்டினால் அகலம் மட்டுமே ஏறும், பட்டைக்கு ஒன்றேகால் இஞ்ச். நீளம் 64லேயே நிற்கும். ஆறாவது முறை மடித்தால் 25க்கு 128, மேல்துண்டாகப் போட்டுக்கொள்ளலாம். மாமிக்கு அது வேண்டாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் சுருளைப் பிரித்து எண்ணுகிறோம். 42 இருந்தால் மேலே சொன்ன கணக்கு. 40தான் இருந்தால் 13 தொகுதி, 78 கட்டம். அகலத்தில் ஆறு, நீளத்தில் பதின்மூன்று என்று 36க்கு 78 வரும். பார்டரை இரு பக்கமும் 6 இஞ்சாக வைத்து மேலும் கீழும் விட்டுவிடலாம். அதற்கும் அதே இரண்டேகால் மீட்டர் போதும். மிஷின் உள்ளவர்கள் எண்ணெய் போட்டு, புது ஊசி மாட்டி வையுங்கள். இஸ்திரிப் பெட்டி இரண்டு வேண்டும், ஒன்று நான் கொண்டுவருகிறேன்.