கூரை ஒன்று, கதவு மூன்று

தூய்மை ஆற்றலின் பெருமையை இந்தக் கருத்தரங்க அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறேன்: கூரையில் மின்சாரம் விளைவிக்கும் குடும்பம், குறை நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கூரை சோலாருக்கான 'சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. 3 கிலோவாட் அமைத்தால் மானியம் 78,000 ரூபாய். மீதித் தொகை குடும்பத்தின் சேமிப்பு, இல்லையேல் வங்கிக் கடன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டிக்கொண்டிருந்தவர், இப்போது இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கணக்குப் போட்டு முதலீடு செய்கிறார்.

இவரைச் சட்டம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. சோலார் தகடும் இன்வெர்ட்டரும் வாங்கியவர் என்ற வகையில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மின் இணைப்பு பெற்றவர் என்ற வகையில், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 42ஆம் பிரிவு தரும் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. மிகுதி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புபவருக்கு என்ன விலை என்பதையோ மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானிக்கிறது. எதிர்பார்த்தபடி பில் குறையவில்லை என்றால், சோலார் நிறுவியவர் மீட்டரைக் காட்டுவார். மின்வாரியம் இன்வெர்ட்டரைக் காட்டும். கதவுகள் மூன்று இருந்தும் குடும்பம் தெருவில்தான் நிற்கும்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளும் 2024 திருத்தமும் நல்ல தொடக்கம். 10 கிலோவாட் வரையிலான கூரை சோலாருக்குத் தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை. மீட்டர் மீது ஐயம் என்று புகார் தந்தால், ஐந்து நாளுக்குள் சரிபார்ப்பு மீட்டர் பொருத்த வேண்டும். ஆனால் இவ்விதிகள் பெரும்பாலும் இணைப்பையும் மீட்டரையும் சுற்றியே நிற்கின்றன. விற்பனையின்போது தந்த வாக்குறுதியும், பின்னாளில் மாறும் விலையும் வெளியே நிற்கின்றன.

முதலில் விற்பனை. பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில், நல்ல வெயிலிலும் மின்தடை ஏற்பட்டால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பலர் இதை முதல் மின்தடையன்றுதான் தெரிந்துகொள்கிறார்கள். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுபவர், இன்வெர்ட்டருக்குப் பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை என்பதையும் அதே அளவில் அச்சிட வேண்டாமா?

அடுத்தது விலை. அமெரிக்காவின் நெவாடா மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2015 டிசம்பரில், சோலார் வீடுகளின் நிலைக்கட்டணத்தை உயர்த்தி, திருப்பி அனுப்பும் மின்சாரத்தின் மதிப்பைக் குறைத்தது. ஏற்கெனவே சோலார் அமைத்தவர்களையும் அதில் சேர்த்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே பழையவர்களுக்குப் பழைய விதி திரும்பியது. கலிபோர்னியா 2023இல் விலையைக் குறைத்தபோது, முன்பே இணைந்தவர்களுக்கு 20 ஆண்டுப் பாதுகாப்பைத் தொடர்ந்தது. கொள்கை மாறலாம், நம்பிப் பணம் போட்டவரின் கணக்கு நடுவழியில் மாறக் கூடாது.

மூன்றாவதாக, கூரையே இல்லாதவர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் தகடு பதிக்க முடியாது. பகலில் மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல் என்னும் நேரவாரிக் கட்டணம் வீடுகளுக்கும் வரும்போது, பகலெல்லாம் வேலையில் இருப்பவருக்கு அந்த மலிவு கிட்டாது. வசதியுள்ள கூரைகளின் சலுகைச் சுமை இவர்கள் பில்லில் ஏறாதபடி காப்பதும் நுகர்வோர் உரிமைதான்.

ஆகவே இக்கருத்தரங்கு மூன்று வரைவுகளோடு நிறைவு பெற வேண்டும் என வேண்டுகிறேன். ஒன்று, விற்பனைக்கு முன் தமிழில் கட்டாயமாகத் தர வேண்டிய ஒரு பக்க விவரத்தாள். இரண்டு, இணைந்த நாளின் விதிமுறைக்குக் குறித்த காலப் பாதுகாப்பு. மூன்று, எந்தப் புகாராயினும் வாங்கிக்கொண்டு உரிய இடத்துக்குத் தானே அனுப்பும் ஒற்றை அலுவலகம். எந்தக் கதவு என்று தேடும் வேலை அரசுடையது, நுகர்வோருடையது அல்ல. அந்த வரைவுகளை எழுதும் பணிக்கு உங்களை அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.